தட்டு யார் கையில்?

1893ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் முடிய சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் வருகைகள் பதிவாயின. கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்தில் கால்வைத்த 400ஆம் ஆண்டைக் கொண்டாட எழுந்த அந்த மைதானத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் மூன்று காட்சிகள் இருந்தன. முதலாவது, பிரம்மாண்டமான மாவுப் பீப்பாயின் வடிவில் கட்டிய ஒரு கடை. அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த நான்சி கிரீன் என்ற கறுப்பினப் பெண்மணி, தலையில் துணி கட்டி, மேலே ஏப்ரன் அணிந்து, அங்கே பான்கேக் வார்த்துக் கொடுத்தார். அமெரிக்கத் தென் மாநிலங்களின் பழைய வாழ்க்கையைப் பற்றிக் கதைகள் சொன்னார். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த அவர், ‘ஆன்ட் ஜெமைமா’ என்ற மாவுக்கு உயிருள்ள விளம்பரம். இரண்டாவது, ஹெய்ட்டி நாட்டு மண்டபம். அதன் பொறுப்பு கறுப்பின உரிமைத் தலைவர் பிரெடரிக் டக்ளஸிடம் இருந்தது. அங்கே கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் ஒரு மேசைக்கு முன் அமர்ந்து, இந்தக் கண்காட்சியில் கறுப்பின அமெரிக்கர்களுக்கு ஏன் இடமில்லை என்பதை விளக்கும் சிறுநூலை வருவோர் போவோருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது, இலங்கை மண்டபம். சிலோன் தேயிலையை அமெரிக்கச் சந்தையில் நுழைப்பதற்காக எழுப்பிய அந்த மண்டபத்தில், சொந்த நாட்டு உடையணிந்த சிங்களப் பணியாளர்கள் தேநீர் பரிமாறினார்கள். அந்தத் தேயிலையைத் தோட்டங்களில் கிள்ளியவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கப்பலேறிப் போன கூலிக் குடும்பங்கள்.

தங்கள் சாதனைகளைக் காட்ட இடம் கேட்டவர்களுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. பரிமாற வந்தவர்களுக்கு நடு இடமே கிடைத்தது. பழைய உணவு விளம்பரங்களில் வரும் இனப் படிமங்களைப் பற்றிப் பேசும்போது, அது அந்தக் காலத்து அறியாமை, ரசனைக் குறைவு என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். அப்படிக் கடந்துபோவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் படங்கள் ஒரு காரியத்துக்காக வைக்கப்பட்டவை. எங்கோ ஒரு ஆலையில் அரைத்து, முகம் தெரியாத யாரோ பொட்டலம் கட்டிய உணவை நம்பி வாங்க, அதன் பின்னால் ஒரு மனிதக் கை இருப்பதாக வாங்குபவருக்குத் தோன்ற வேண்டியிருந்தது. ஊழியம் செய்வதற்கென்றே ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் கையைக் கம்பெனிகள் அதற்கு எடுத்துக்கொண்டன. மாவோடும் காப்பியோடும் தேயிலையோடும் சேர்த்து, நமக்குப் பணிவிடை செய்ய ஒருவர் இருக்கிறார் என்ற சுகத்தையும் விற்றன. ஆகவே அந்தப் படம் அழகா அசிங்கமா என்று கேட்பதில் பயனில்லை. படத்தில் இருப்பவர் என்ன செய்கிறார், யாருக்காகச் செய்கிறார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஆன்ட் ஜெமைமாவின் பிறப்பைப் பார்த்தாலே இது தெளிவாகும். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் மாவு ஆலைகள் பெருகி, விற்க முடியாத அளவுக்கு மாவு குவிந்த காலம் அது. 1888இல் கிறிஸ் ரட் என்ற பத்திரிகையாளரும் சார்ல்ஸ் அண்டர்வுட் என்பவரும் பேர்ல் மில்லிங் கம்பெனி என்ற ஆலையை வாங்கினார்கள். எல்லோரும் விற்கும் வெறும் மாவை விற்றுப் பயனில்லை என்று, சோடாவும் உப்பும் மற்றவையும் முன்கூட்டியே கலந்து, வீட்டில் கரைத்து ஊற்றினால் போதும் என்ற அளவில் பான்கேக் மாவு ஒன்றைத் தயாரித்தார்கள். பண்டம் ஆயிற்று, பெயர்தான் இல்லை. 1889இல் ரட் ஒரு மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சிக்குப் போனார். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைப் போல ஆடிப்பாடிக் கேலி செய்யும் மேடைக் கலை அது. அன்றைய அமெரிக்காவில் அதற்குப் பெருங்கூட்டம் கூடியது. கரி பூசிய ஒரு ஆண், பெண் வேடமிட்டு, ஏப்ரனும் சிவப்புத் தலைக்கட்டுமாக ‘ஓல்ட் ஆன்ட் ஜெமைமா’ என்ற பாட்டுக்கு ஆடினார். பெயரும் உருவமும் அங்கிருந்து பாக்கெட்டுக்கு வந்தன. அதாவது அந்தப் பாக்கெட்டின் முதல் முகம் எந்தக் கறுப்பினப் பெண்ணுடையதும் அன்று. ஒரு வெள்ளைக்கார ஆணின் கற்பனை. இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டைப் பரப்பிய பில்லி கெர்சான்ட்ஸ் ஒரு கறுப்பினக் கலைஞர். அவருடைய மேடையில் பாடப்பட்ட வடிவங்களில், தான் செத்ததும் உனக்கு விடுதலை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சாகாமலே காலத்தைக் கடத்திய எஜமானியைக் குத்திக்காட்டும் கசப்பு இருந்தது. பாக்கெட்டுக்கு வந்தபோது அந்தக் கசப்பைக் கழித்துவிட்டுச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

1890இல் பிராண்டு ஆர்.டி. டேவிஸ் என்ற மாவு வியாபாரியின் கைக்குப் போயிற்று. பால் பவுடரையும் சேர்த்து, தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்றாக்கியவர் அவர்; சிகாகோவில் ஒரு நீதிபதி குடும்பத்தில் வேலை செய்துகொண்டிருந்த நான்சி கிரீனைத் தேடிப்பிடித்து மேடையேற்றியவரும் அவரே. பிறகு ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. அதையொட்டி ஒரு புராணமே வளர்ந்தது. லூசியானாவில் கர்னல் ஹிக்பி என்பவரின் பண்ணை, அங்கே ஜெமைமா வார்க்கும் பான்கேக்குக்காக ஊரூராக வரும் விருந்தாளிகள், போருக்குப் பின் அவளைத் தேடிப்போய்ச் செய்முறையை விலைக்கு வாங்கும் ஆலைக்காரர். இதில் ஒரு சொல்லும் உண்மையில்லை. ஆனால் 1918க்குப் பிறகு ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனத்தின் ஜேம்ஸ் வெப் யங் எழுத, என்.சி. வையத் போன்ற பெயர்பெற்ற ஓவியர் படம் வரைய, பெண்கள் பத்திரிகைகளில் முழுப்பக்க வண்ணத்தில் இந்தக் கதை ஏதோ வரலாறு போலவே வெளிவந்தது. பண்ணை உண்டு, விருந்து உண்டு, நதியில் நீராவிப் படகு உண்டு. சாட்டை இல்லை, ஏலம் இல்லை, பிள்ளையை விற்றுவிட்ட தாயின் அழுகை இல்லை. இந்த விளம்பரங்களைத் தனி நூலாக ஆராய்ந்த எம்.எம். மேன்ரிங் ஒரு முக்கியமான தொடர்பைக் காட்டுகிறார். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நடுத்தர வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு வீட்டுவேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிக்கொண்டே போயிற்று. கிடைத்த ஆட்களும் ஆலை வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அடுப்படியில் தனியாக நின்ற வீட்டம்மாவிடம், வேலைக்காரி இல்லையே என்று கவலைப்படாதே, அவள் இந்தப் பாக்கெட்டுக்குள் வருகிறாள் என்று அந்த விளம்பரம் ஆறுதல் சொன்னது.

விளம்பரம் என்றாலே எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பதுதானே, ஓட்ஸ் டப்பாவில் இருக்கும் குவேக்கர் தாத்தாவும் ஒரு படிமம்தானே என்று ஒரு ஆட்சேபம் எழும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை, அதே மாவு வியாபாரத்தில் ஒரு தலைமுறை கழித்துப் பிறந்த இன்னொரு கற்பனைப் பெண்ணிடம் இருக்கிறது. 1921இல் வாஷ்பர்ன் கிராஸ்பி என்ற மின்னியாபோலிஸ் மாவுக் கம்பெனி, சமையல் சந்தேகம் கேட்டு எழுதும் பெண்களுக்குப் பதில் எழுத ‘பெட்டி கிராக்கர்’ என்ற ஆளை உருவாக்கியது. ஜெமைமாவைப் போலவே அவளும் வாழ்ந்ததே இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு குடும்பப் பெயர் இருந்தது. அது கம்பெனியின் ஒரு இயக்குநருடைய பெயர். அவளுக்குக் கையெழுத்து இருந்தது. கடிதம் எழுதினாள், வானொலியில் சமையல் பாடம் நடத்தினாள். 1936இல் அவளுக்கு ஓவியம் வரைந்தபோது, கண்ணியமான உடையில் நேரே பார்க்கும் ஒரு பெண்ணாக வரைந்தார்கள். 1945இல் ஃபார்ச்சூன் இதழ், எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்தபடியாக அமெரிக்காவில் பெரிதும் அறியப்பட்ட பெண் அவள்தான் என்று எழுதியது. ஜெமைமாவுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் ஒட்டியிருக்கும் ‘ஆன்ட்’ என்பதை நம் ஊர் அத்தையோடு சேர்த்துப் புரிந்துகொள்ளக் கூடாது. வயதான கறுப்பினப் பெண்ணை ‘மிஸஸ்’ என்றும் ஆணை ‘மிஸ்டர்’ என்றும் மரியாதையாக அழைக்க மனமில்லாத தெற்கத்திய வெள்ளையர்கள் அதற்குப் பதிலாகப் பயன்படுத்திய சொல் அது; அரிசிப் பெட்டியில் வந்த ‘அங்கிள் பென்’னும் அப்படித்தான். பெட்டி கற்றுக்கொடுப்பவள், ஜெமைமா செய்துகொடுப்பவள். குவேக்கர் தாத்தா நாணயத்துக்கு அடையாளம். அவர் யாருக்கும் தட்டு ஏந்தவில்லை. பெட்டியும் ஜெமைமாவும் இரண்டுமே படிமம் என்பது சரி. ஒன்று வாங்குபவரைத் தனக்குச் சமமாக வைத்துப் பேசுகிறது, மற்றது வாங்குபவரை எஜமானாக்கிப் பேசுகிறது.

இந்த வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரிவது இந்தப் படிமங்களின் வாயில் கம்பெனிகள் போட்ட மொழியில். ‘கிரீம் ஆஃப் வீட்’ என்ற கோதுமை ரவைக் கஞ்சி 1893இல் வடக்கு டகோட்டாவில் பிறந்தது. ஆலைப் பங்குதாரர்களில் ஒருவரான எமரி மேப்ஸ் முன்பு அச்சுத்தொழிலில் இருந்தவர். பழைய அச்சுக்கட்டைகளில் கிடைத்த, வாணலி பிடித்த கறுப்பினச் சமையற்காரர் உருவத்தை எடுத்துப் பெட்டியில் போட்டார். பின்னாளில் அதற்குப் பதிலாக வந்த புகைப்பட முகம், சிகாகோ உணவகம் ஒன்றில் வேலை செய்த, பார்படோஸில் பிறந்த ஃபிராங்க் வைட் என்பவருடையது என்று கருதுகிறார்கள். கம்பெனி அவருக்கு வைத்த பெயர் ‘ராஸ்டஸ்’. மின்ஸ்ட்ரல் மேடையில் கேலிக்கென்றே இருந்த பெயர். 1921இல் வந்த ஒரு விளம்பரத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தொப்பியும் கோட்டும் அணிந்த ராஸ்டஸ் நிற்கிறார்; முகம் முழுக்கச் சிரிப்பு; கையில் ஒரு பலகை. இந்தக் கஞ்சியில் வைட்டமின் இருக்குமோ இருக்காதோ, வைட்டமின் என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது, அது ஏதாவது பூச்சியாக இருந்தால் இதில் கிடையாது என்ற பொருளில், எழுத்துப் பிழை மலிந்த கொச்சையில் அந்தப் பலகையில் எழுதியிருக்கிறது. வைட்டமின் என்ற கருத்து அப்போதுதான் பொதுமக்களிடம் பரவிக்கொண்டிருந்தது. வாசகருக்கும் அது பாதிதான் தெரியும். தனக்குத் தெரியாததை நினைத்துக் கூசவேண்டிய வாசகர், தன்னைவிடத் தெரியாத ஒருவரைப் பார்த்துச் சிரித்து நிம்மதி அடைகிறார். உள்நாட்டுப் போருக்கு முன்பு தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பது சட்டப்படி குற்றமாக இருந்தது. எழுத்தைத் தடுத்த சமூகமே, எழுதத் தெரியாததை வைத்து இரண்டு தலைமுறை கழித்துக் கஞ்சி விற்றது.

பிரான்சில் இது இன்னும் பச்சையாக நடந்தது. ‘பனானியா’ என்ற வாழைப்பழ, கோக்கோ மாவுப் பானம் 1914இல் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, போரில் பிரான்சுக்காகச் சண்டையிட வந்த மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய் ஒருவர் சிவப்புத் தொப்பியும் பளிச்சிடும் பல்வரிசையுமாக அதன் விளம்பரத்தில் அமர்ந்தார். நன்றாக இருக்கிறது என்பதை இலக்கணமில்லாத குழந்தை பிரெஞ்சில் அவர் சொல்வதாக வந்த வாசகம் பிராண்டோடு ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள் நீடித்தது. ஆப்பிரிக்கர்கள் அப்படித்தானே பேசினார்கள், உள்ளதைத்தானே போட்டார்கள் என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். 1916இல் பிரெஞ்சு ராணுவ அதிகாரிகளுக்காக ஒரு கையேடு அச்சிடப்பட்டது. அந்தச் சிப்பாய்களுக்கு வினைத்திரிபும் பாலும் எண்ணும் இல்லாத ஒரு நொறுங்கிய பிரெஞ்சைக் கற்பிப்பது எப்படி என்பதுதான் அதன் பாடம். முழு மொழியைக் கொடுக்காமல், வேண்டுமென்றே அரைமொழியைக் கொடுத்து, அந்த அரைமொழியையே அவர்களுடைய இயல்பென்று சுவரெங்கும் ஒட்டினார்கள். அந்தப் போரில் ஏறத்தாழ 30,000 மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் உயிரிழந்தார்கள். செனகலின் கவிஞர் செங்கோரும், மார்த்தினிக்கில் பிறந்த சிந்தனையாளர் ஃபிரான்ஸ் ஃபானனும் பனானியாவின் சிரிப்பைப் பற்றி அவ்வளவு கோபத்தோடு எழுதியதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். அந்த வாசகத்தை விற்பனைப் பொருள்களிலிருந்து நீக்க 2011இல் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்பது அடுத்த ஆட்சேபம். ‘அந்தக் காலம்’ என்று சொல்லும்போது யாருடைய காலத்தைச் சொல்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். டக்ளஸும் வெல்ஸும் அந்தக் காலத்தவர்கள்தான். நான்சி கிரீன் நின்ற அதே மைதானத்தில் நின்றவர்கள்தான். 1922 ஜனவரியில், கறுப்பின மக்களைக் கும்பல் சேர்ந்து கொல்வதைத் தடுக்கும் டயர் மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் தெற்கத்திய உறுப்பினர்கள் ஓயாமல் பேசிப் பேசியே அதை டிசம்பரில் சாகடித்தார்கள். மூன்று மாதம் கழியவில்லை. 1923 பிப்ரவரியில் அதே செனட், வெள்ளைக்காரப் பிள்ளைகளை வளர்த்த விசுவாசமான அடிமை ஆயாக்களுக்கு வாஷிங்டனில் நினைவுச்சின்னம் எழுப்பும் மசோதாவை நிறைவேற்றியது. உயிரோடிருப்பவரைக் காக்கச் சட்டம் இல்லை, செத்துப்போன ஆயாவுக்குச் சிலை உண்டு. கறுப்பினப் பத்திரிகைகளும் பெண்கள் சங்கங்களும் கொதித்தெழுந்து எதிர்த்ததில் மசோதா பிரதிநிதிகள் சபையில் அப்படியே நின்றுபோயிற்று. இது பொது அரசியல். சந்தையிலும் இதே குரல் இருந்தது. நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் பால் எட்வர்ட்ஸ், அமெரிக்கத் தென் மாநில நகரங்களில் வாழும் கறுப்பின மக்கள் எதை வாங்குகிறார்கள், எந்த விளம்பரத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு 1932இல் நூல் வெளியிட்டார். ஆன்ட் ஜெமைமா விளம்பரத்தைக் காட்டியபோது பெரும்பாலோர் வெறுப்பையே தெரிவித்தார்கள். தலைக்கட்டும் அந்தப் பேச்சும் தங்களை அடிமைக் காலத்துக்குத் திரும்ப இழுப்பதாக உணர்ந்தார்கள். அதைப் பார்த்தால் வாங்கவே தோன்றவில்லை என்றவர்களும் உண்டு. கேட்டவர் ஒரு ஆய்வாளர், அச்சிட்டது ஒரு பதிப்பகம், தெரிந்துகொள்ள விரும்பிய கம்பெனிக்கு 1932இலேயே தெரிந்திருக்கும். தலைக்கட்டு எடுக்கப்பட்டது 1989இல். இடைப்பட்ட 57 ஆண்டுகளைக் காலத்தின் தலையில் கட்ட முடியாது.

இவை அன்பான படங்கள், கோரமான கேலிச் சித்திரங்கள் அல்ல என்பார்கள் சிலர். உண்மைதான், பெரும்பாலானவை அன்பாகவே வரையப்பட்டவை. என் வருத்தமே அங்கேதான் தொடங்குகிறது. கோரமான படத்தைப் பார்ப்பவர் முகம் சுளிக்கலாம்; அன்பான படம் வீட்டுக்குள் வந்து காலை உணவு மேசையில் உட்கார்ந்து, குழந்தைக்குத் துணிப்பொம்மையாகி, கேள்வியில்லாமல் பழக்கமாகிவிடுகிறது. காலப்போக்கில் படம் அழகாவதும் அதன் பொருள் மாறுவதும் ஒன்றல்ல என்பதற்கு கிளாஸ்கோவின் ‘கேம்ப் காப்பி’ நல்ல சான்று. சிக்கரி கலந்து, டிகாஷன்போலக் கெட்டியாகப் புட்டியில் அடைத்த அந்தக் காப்பிச் சாறு 1876இல் வந்தது. லேபிளில் ஒரு கூடாரம். அதன் முன் ஸ்காட்லாந்துப் படை அதிகாரி சாய்ந்து உட்கார்ந்து கோப்பையைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் தலைப்பாகை கட்டிய சீக்கியப் பணியாள் தட்டோடு நிற்கிறார். பிற்காலத்தில் லேபிளிலிருந்து தட்டு மறைந்தது. ஆனால் ஆள் நின்றுகொண்டே இருந்தார். கையில் எதுவும் இல்லாமல், எதற்கு நிற்கிறோம் என்று தெரியாதவரைப் போல. தட்டை அழித்தவருக்கு அவரை உட்கார வைக்கத் தோன்றவில்லை. 2006 வாக்கில்தான் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஆளுக்கொரு கோப்பையோடு காப்பி குடிக்கும் படம் வந்தது. ஜெமைமாவின் தலைக்கட்டை எடுத்து, முத்துத் தோடும் லேஸ் காலரும் போட்டதும் இந்த இடைநிலை வேலைதான். அங்கிள் பென் 2007இல் விளம்பரத்தில் கம்பெனித் தலைவர் ஆக்கப்பட்டார், அப்போதும் அவருக்குக் குடும்பப் பெயர் தரப்படவில்லை. (அந்த அரிசியின் ‘கன்வெர்ட்டட்’ நுட்பம், நெல்லை உமியோடு அவித்துக் காயவைத்துக் குத்தும் நம் புழுங்கலரிசியின் கோட்பாடேதான். அதற்கு 1940களில் அமெரிக்காவில் புதுமைப் பெயரும் காப்புரிமையும் கிடைத்தன. நெல் அவித்தவர்களின் பெயர் எங்கும் வரவில்லை.)

எனக்கு உண்மையிலேயே கனமாகப்படும் ஆட்சேபம் வேறு. அது கறுப்பினக் குடும்பங்களிலிருந்தே வந்தது. 2020 ஜூனில் ஆன்ட் ஜெமைமாவின் பெயரையும் படத்தையும் கைவிடுவதாக அறிவிப்பு வந்தபோது, அந்த வேடத்தில் ஊர் ஊராகப் போய் வேலை செய்த லில்லியன் ரிச்சர்ட், ஆனா ஷார்ட் ஹாரிங்டன் போன்றவர்களின் வழித்தோன்றல்கள் எதிர்த்தார்கள். அவர்கள் உழைத்தார்கள், கௌரவமாகச் சம்பாதித்தார்கள், படத்தை எடுத்தால் எங்கள் பாட்டிமாரின் வரலாறும் போகிறது என்பது அவர்கள் வாதம். வேறு எந்தக் கதவும் திறக்காத காலத்தில் திறந்த ஒரே கதவின் வழியே நுழைந்த பெண்களை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் இந்த வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டால், அது கம்பெனிக்கு எதிராகத்தான் போய் நிற்கிறது. பாக்கெட்டில் ஒருநாளும் நான்சி கிரீன் என்றோ ஆனா ஹாரிங்டன் என்றோ பெயர் அச்சாகவில்லை. ஒருவர் போனதும் இன்னொருவர் அதே பெயருக்குள் நுழைக்கப்பட்டார். வாழ்நாள் ஒப்பந்தம், செல்வம் என்றெல்லாம் நான்சி கிரீனைப் பற்றி விளம்பரக் கதைகள் பேசின. 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ, 76 வயதில் அவர் வீட்டு வேலைக்காரராகவே பதிவாகியிருக்கிறார். 1923இல் சிகாகோவில் கார் மோதி இறந்தார். அவருடைய புதைகுழிக்குப் பெயர் பொறித்த கல் வைக்கப்பட்டது 2020இல், அதுவும் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தார் எடுத்த முயற்சியால். ஹாரிங்டனின் வாரிசுகள் பங்கு கேட்டு 2014இல் போட்ட வழக்கு அடுத்த ஆண்டு தள்ளுபடி ஆயிற்று. ஃபிராங்க் வைட்டின் படத்துக்கு 5 டாலர் கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். 1938இல் இறந்த அவருக்கு 2007 வரை கல் இல்லை. அந்தப் பெண்களின் வரலாறு 2020இல் அழியவில்லை. அவர்கள் ‘ஜெமைமா’ ஆன நாளிலேயே அழிக்கப்பட்டுவிட்டது. அதை மீட்க வேண்டும் என்ற குடும்பங்களின் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. ஆனால் அதற்கு வழி பெயர்களை எழுதுவது, உரிய பங்கைக் கொடுப்பது. வேடத்தை நீட்டிப்பதால் அது நடக்காது.

சிகாகோவின் மூன்றாவது காட்சியான இலங்கை மண்டபத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ் வணிகர் தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கையின் மலைநாட்டில் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் தொழிற்சாலை வைத்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கெண்டிக்கு என்பது அவர் விளம்பரத்தின் உயிர்நாடி. லண்டனின் ஏலத் தரகரும் கலப்படக்காரரும் இடையில் இல்லை என்று சொல்லி வாங்குபவரின் நம்பிக்கையைப் பெற்றார். அந்த ‘நேராக’ என்பதைக் கண்ணுக்குக் காட்ட ஒரு உருவம் வேண்டும். பச்சைச் செடிகளுக்கு நடுவே சேலை கட்டிக் கூடையோடு நிற்கும் பெண் வந்தாள். ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் பிரிட்டிஷ் விளம்பரங்கள் எப்படிக் காட்டின என்று ஆராய்ந்த ஆனந்தி ராமமூர்த்தி, தேயிலை விளம்பரங்களின் இந்த அமைதியான தோட்டக் காட்சியை விரிவாக எடுத்துப் பேசுகிறார். ஜெமைமாவைப்போல அவள் கொச்சையாகப் பேசவில்லை, பேசவே இல்லை. தோட்டத்துக்கும் கெண்டிக்கும் நடுவே உண்மையில் இருந்ததைச் சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது. ஊரிலேயே முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டி அழைத்துவந்த கங்காணி. விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு. கொழுந்தின் எடை குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிக் கூலி. ஒண்டவும் சமைக்கவும் பிள்ளை பெறவும் ஒரே லயத்து அறை. இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. அந்தத் துண்டு முறை 1921 வரை நடப்பில் இருந்தது. விடுதலை பெற்ற இலங்கை 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனபோதும், உலகச் சந்தையில் அந்த நாட்டின் முகமாக இருந்தவள் அந்தப் பெண்தான்.

தேயிலை உண்மையில் பெண்கள் பறிப்பதுதானே, பண்ணைக்கதைபோல அது பொய்யில்லையே என்று கேட்கலாம். பொய்யில்லை என்பதால்தான் அதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மெய்யான வேலையைக் காட்டி, அந்த வேலைக்கான விலையை மறைக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அமெரிக்கப் பாக்கெட்டுகள் மாறியதற்குக் காரணம் 2020இல் இன அநீதியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மக்கள். ஆன்ட் ஜெமைமாவுக்குப் பதில் பழைய ஆலையின் பேர்ல் மில்லிங் பெயர் வரும் என்ற அறிவிப்பு 2021 பிப்ரவரியில் வந்தது. அதற்கடுத்த மார்ச் மாதம், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிப்பு வெளியாயிற்று. பெருந்தோட்டக் கம்பெனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் எடையைத் தோட்டங்கள் உயர்த்திவிட்டன என்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. கூடையோடு நிற்கும் பெண்ணின் படம் போட்ட தேயிலைப் பெட்டிகள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. அவளுடைய நாட்கூலி என்ன, அதற்கு எத்தனை கிலோ என்பதை அதே பெட்டியில் அச்சிட்டால் என்ன என்ற கேள்வியைத் தேயிலைக் கம்பெனிகளிடம் கேட்பதற்கு, அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களின் மொழியில் படிக்கும் நமக்கு மற்றவர்களைவிட அதிக உரிமை இருக்கிறது.